செயலியை நிறுத்தும் உரிமை ஃபோனுக்கு: வாசகர் கேள்வி–பதில்

ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸிலும் நேட்டிவ் செயலி (அந்தந்தத் தளத்தின் சொந்தக் கருவிகளால் கட்டப்படுவது) எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பல கேள்விகளுக்கு வேர் ஒன்றுதான்: எழுதியவர் தன் செயலி தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும் என்று எண்ணியிருக்கிறார், ஃபோனோ அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுகிறது. அந்த வகைக் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: மூன்று பக்கப் படிவம். கடைசிப் பக்கத்தில் கேமராவைத் திறந்து படம் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டுத் திரும்பினால் சில ஃபோன்களில் மட்டும் நிரப்பியதெல்லாம் காலியாகிவிடுகிறது. எல்லாவற்றையும் வியூமாடலில்தான் (திரைக்கான தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பொருள்) வைத்திருக்கிறேன். திரையைத் திருப்பினால் எதுவும் போவதில்லை. பிறகு ஏன் இப்படி?

பதில்: வியூமாடல் திரை திரும்புவதைத் தாங்கும், புராசஸ் (நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செயலி) சாவதைத் தாங்காது. கேமரா நிறைய நினைவகம் கேட்கும். ரேம் குறைந்த ஃபோனில், அந்த நேரம் பின்னணிக்குப் போயிருக்கும் உங்கள் செயலியின் புராசஸை ஆண்ட்ராய்டு முடித்துவிடும். பயனர் திரும்பும்போது புதிய புராசஸ் தொடங்கி, அதே ஆக்டிவிட்டியும் (திரையைத் தாங்கும் ஆண்ட்ராய்டுக் கூறு) அதே திரையும் மறுபடி கட்டப்படும். வியூமாடல் மட்டும் புத்தம் புதியதாக, காலியாக இருக்கும். நடந்தது எதுவும் பயனருக்குத் தெரியாது. தான் விட்ட இடத்துக்கே வந்திருப்பதாகத்தான் அவர் நினைப்பார்.

தரவை மூன்றாகப் பிரியுங்கள். எந்த டேப் திறந்திருக்கிறது, எந்தப் பகுதி விரிந்திருக்கிறது போன்ற சின்ன விஷயங்களுக்கு, ஆண்ட்ராய்டில் திரை கட்டும் கருவியான கம்போஸின் ரிமெம்பர்சேவபிள் போதும். வியூமாடலுக்குத் தேவையான அடையாள எண், தேடல் சொல் போன்றவை சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் (புராசஸ் செத்தாலும் தப்பும் சிறு சேமிப்பு) இருக்கட்டும். பயனர் உட்கார்ந்து தட்டச்சு செய்த படிவம் ஃபோனுக்குள்ளேயே இருக்கும் ரூம் தரவுத்தளத்தில், 'வரைவு' என்ற ஒரு பதிவாகப் போக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன், அல்லது தட்டச்சு அரை விநாடி நின்றவுடன் எழுதிவிடுங்கள். முதல் இரண்டிலும் பெரிய பொருளைத் திணிக்காதீர்கள். அவை, புராசஸ்களுக்கிடையே தரவைக் கடத்தும் பைண்டர் வழியாகப் போகின்றன; பைண்டரின் இடம் ஒரு புராசஸுக்கு மொத்தமே 1 எம்பி, அதையும் நடப்பிலுள்ள பரிமாற்றங்கள் எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. படத்தின் பைட்டுகளை அதில் வைத்தால் டிரான்சாக்ஷன்டூலார்ஜ் என்ற பிழையோடு செயலி விழும். படத்தின் முகவரியை மட்டும் வையுங்கள்.

கேமராவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. படம் எடுக்கக் கேமராவைத் திறக்கும் டேக்பிக்சர் கான்ட்ராக்ட் உங்களுக்குத் திருப்பித் தருவது 'எடுத்தாயிற்று' அல்லது 'எடுக்கவில்லை' என்ற பதிலை மட்டுமே. படம் எங்கே எழுதப்பட வேண்டும் என்ற யூஆர்ஐயை (கோப்பின் முகவரி) நீங்கள்தான் முன்கூட்டியே கொடுத்தீர்கள். அதைச் சாதாரண மாறியில் வைத்திருந்தால் புராசஸோடு அதுவும் போயிருக்கும். 'எடுத்தாயிற்று' என்ற பதில் வரும், படமும் சேமிப்பகத்தில் இருக்கும், ஆனால் அது எங்கே என்று செயலிக்குத் தெரியாது. எனவே கேமராவைத் திறக்கும் முன்பே யூஆர்ஐயையும் சேமித்துவிடுங்கள்.

சோதிக்கும் முறையிலும் கவனம் தேவை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஆக்டிவிட்டிகளை வைத்திருக்க வேண்டாம் என்ற சுவிட்சைப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆக்டிவிட்டியைத்தான் அழிக்கும். புராசஸும் அதிலுள்ள சிங்கிள்டன்களும் (செயலி முழுவதற்கும் ஒன்றே இருக்கும் பொருள்கள்) உயிரோடு இருக்கும். சரியான சோதனை இது: படிவத்தை நிரப்பி ஹோம் பட்டனை அழுத்துங்கள். கணினியில் 'ஏடிபி ஷெல் ஏஎம் கில்' கட்டளையை உங்கள் பேக்கேஜ் பெயரோடு கொடுங்கள். பிறகு சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து திரும்பி வாருங்கள். பட்டியலிலிருந்து செயலியைத் தள்ளிவிட்டுத் திறப்பதும் ஃபோர்ஸ் ஸ்டாப் செய்வதும் இந்தச் சோதனை ஆகாது; அப்போது சேமித்த நிலையையும் ஆண்ட்ராய்டு தூக்கி எறிந்துவிடும்.

ஐஓஎஸில் எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். பின்னணியில் உறங்கும் செயலியை நினைவகத்துக்காக ஐஓஎஸ் முடிக்கும்போது, 'முடியப் போகிறேன்' என்று சொல்லும் அப்ளிகேஷன்வில்டெர்மினேட் அழைக்கப்படாது. அதை நம்பிச் சேமிக்கும் நிரல் பெரும்பாலும் ஓடவே ஓடாது. சீன்ஃபேஸ் (செயலி முன்னணியிலா பின்னணியிலா என்ற நிலை) பின்னணிக்கு மாறும் கணத்திலேயே வரைவை எழுதிவிடுங்கள்.

கேள்வி: களப்பணியாளர்களுக்கான செயலி. சிக்னல் இல்லாத இடத்தில் பதிவை வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்புகிறோம். சர்வரில் ஒரே பதிவு இரண்டு, மூன்று முறை விழுகிறது. அனுப்பும் முன் 'அனுப்பியாயிற்றா' என்று பார்க்கிறோம். இருந்தும் நிற்கவில்லை.

பதில்: செயலியில் மட்டும் பார்த்தால் இது நிற்காது. கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, சர்வர் பதிவும் செய்துவிட்டது, பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தது. செயலியைப் பொறுத்தவரை அது தோல்வி, எனவே மறுபடி அனுப்புகிறது. அப்படிச் செய்வது சரியும்கூட. இரண்டாவது முறை வந்ததை 'ஏற்கெனவே பார்த்தது' என்று சர்வர் அடையாளம் காண வழி வேண்டும்.

பயனர் 'சேமி'யை அழுத்தும் கணத்திலேயே ஃபோனில் ஒரு யூயூஐடி (வேறெங்கும் திரும்ப வராத அடையாள எண்) உருவாக்குங்கள். அனுப்பும்போது உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் வரும், பயனே இல்லை. சர்வரின் அட்டவணையில் அந்த நெடுவரிசைக்கு யுனீக் (ஒரே மதிப்பு இரு முறை வரக் கூடாது) கட்டுப்பாடு போடுங்கள். அதே எண் மறுபடி வந்தால் பிழை தரக் கூடாது. முதல் முறை தந்த அதே வெற்றிப் பதிலைத் தர வேண்டும். இந்த ஒரு மாற்றமே இரட்டைப் பதிவை முழுவதும் நிறுத்தும்.

ஃபோனில், அனுப்ப வேண்டியவற்றுக்கென்று தனி அட்டவணை வையுங்கள்: அடையாள எண், வகை, உள்ளடக்கம், உருவான நேரம், முயற்சி எண்ணிக்கை, நிலை. பதிவைச் சேமிப்பதும் இந்த அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பதும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடக்காது) நடக்க வேண்டும். தனித்தனியாகச் செய்தால், நடுவில் புராசஸ் செத்தால் பதிவு இருக்கும், அனுப்பும் வரி இருக்காது. அந்தப் பதிவு என்றைக்கும் சர்வருக்குப் போகாது. திரை எப்போதும் தரவுத்தளத்தை மட்டுமே படிக்கட்டும். சர்வரிலிருந்து வருவதும் தரவுத்தளத்துக்குள் போய், அங்கிருந்து, மாற்றங்களை உடனுக்குடன் தரும் ஃப்ளோ வழியாகத் திரைக்கு வரட்டும்.

அனுப்பும் வேலையை, பின்னணி வேலைகளை நடத்தும் ஆண்ட்ராய்டு நூலகமான வொர்க்மேனேஜரிடம் கொடுங்கள். நெட்வொர்க் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஒரே பெயரில் ஒரே வேலையாக வரிசையில் இடுங்கள். அதே பெயரில் வேலை ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்பதற்குப் பலர் கீப் (பழையதையே வைத்திரு) என்ற கொள்கையைத் தேர்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலை கடைசி வரியைப் படித்து முடித்த பின், அது நிறைவடையும் முன் புதிய வரி வந்தால், கீப் அந்தக் கோரிக்கையை உதறிவிடும். அடுத்த முறை யாராவது தூண்டும்வரை அந்த வரி கிடக்கும். அப்பெண்ட்ஆர்ரீபிளேஸ் (புதியதைப் பழையதன் பின்னால் சேர்) இதைத் தவிர்க்கும்.

பிழைகளை ஒரே மாதிரி நடத்தாதீர்கள். நேரம் கடந்தது, 429 (கோரிக்கைகள் அதிகம்), 500-ல் தொடங்கும் பிழைகள் (சர்வர் கோளாறு): ரீட்ரை, அதாவது மறுபடி முயல்வது. முயற்சிகளுக்கிடையே வொர்க்மேனேஜர் விடும் இடைவெளி இயல்பாக 30 விநாடியில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போகும், 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) வந்தால் உள்நுழைவுச் சான்றான டோக்கனைப் புதுப்பித்து ஒரு முறை முயலுங்கள். 400, 422 போன்றவை (அனுப்பியதிலேயே தவறு) எத்தனை முறை அனுப்பினாலும் தேறாது. அந்த வரியைத் 'தோல்வி' எனக் குறித்து, பயனரிடம் காட்டி, அடுத்ததற்குப் போங்கள். இதை விட்டுவிட்டால் ஒரு கெட்ட வரி பின்னால் உள்ள நூறு நல்ல வரிகளையும் மறித்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று: கோரூட்டினுக்குள் (ஆண்ட்ராய்டு மொழியான காட்லினில், இடையில் நின்று தொடரக்கூடிய பணி) எல்லா எக்ஸப்ஷனையும் ஒரே கேட்சில் பிடித்து விழுங்கினால், ரத்தாவதைச் சொல்லும் கேன்சலேஷன்எக்ஸப்ஷனும் அதில் மாட்டும், வேலையை நிறுத்தச் சொன்ன பிறகும் அது நிற்காது. அதை மட்டும் மறுபடி எறிந்துவிடுங்கள்.

ஒரே பதிவை இருவர் திருத்தினால் யாருடையது செல்லும் என்பதை ஃபோனின் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதைப் பயனர் மாற்றலாம். சர்வர் ஏற்றும் பதிப்பு எண் ஒன்று ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும். பழைய எண்ணோடு வரும் திருத்தத்தைச் சர்வர் மறுத்து, புதியதைத் திருப்பி அனுப்பட்டும்.

கேள்வி: 5 நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் ஓட வேண்டும் என்று எழுதினேன். ஓட மறுக்கிறது.

பதில்: வொர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப ஓடும் வேலையான பீரியாடிக் வொர்க்கின் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். 5 என்று கொடுத்தாலும் 15 ஆகவே எடுத்துக்கொள்ளும். அந்த 15-ம் உறுதி கிடையாது. ஆண்ட்ராய்டு 6-ல் வந்த டோஸ் (சும்மா கிடக்கும் ஃபோனை உறங்கவைப்பது), 9-ல் வந்த ஸ்டேண்ட்பை பக்கெட் (குறைவாகப் பயன்படும் செயலியைக் கட்டுப்படுத்துவது) இரண்டும் அதை இன்னும் தள்ளிப்போடும்.

முதலில் ஏன் 5 நிமிடம் என்று யோசியுங்கள். சர்வரில் புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றால், ஃபோன் போய்க் கேட்கத் தேவையில்லை. சர்வர் புஷ் அனுப்பட்டும். பயனருக்குத் தெரிந்தே தொடர்ந்து நடக்கும் வேலை என்றால் (வழித்தடம் பதிவது, பாட்டு ஓடுவது) ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பைக் காட்டிக்கொண்டே ஓடும் வேலை). ஆண்ட்ராய்டு 14-ஐ இலக்காக வைத்தால் அதன் வகையைச் செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் அறிவித்தே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டு 15-ல் டேட்டாசிங்க் (தரவு ஒத்திசைவு) வகைக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரம்தான். குறித்த நேரத்தில் மணி அடிக்க வேண்டும் என்றால் துல்லிய அலாரம். ஆண்ட்ராய்டு 14-ல் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதி இயல்பாகக் கிடைக்காது, பயனரைச் செட்டிங்ஸுக்கு அனுப்பிக் கேட்க வேண்டும்.

ஐஓஎஸில் இன்னும் கண்டிப்பு. பின்னணிப் புதுப்பிப்புக்கு 'இதற்கு முன் வேண்டாம்' என்ற நேரத்தைத்தான் சொல்லலாம், 'இப்போது ஓடு' என்று சொல்ல முடியாது. ஓடக் கிடைப்பது சுமார் 30 விநாடி. பயனர் செயலியைத் தள்ளி மூடிவிட்டால், அவர் மறுபடி திறக்கும்வரை அதுவும் கிடையாது.

கேள்வி: டீபக் பில்டில் (சோதனைக்கான வடிவம்) எல்லாம் சரி. ரிலீஸ் பில்டில் (வெளியிடும் வடிவம்) சர்வர் தரவு வரும் திரையில் மட்டும் நல் பாயிண்டர் பிழை (மதிப்பே இல்லாததைத் தொட்டது). நல் ஆகவே முடியாத காட்லின் வகை அது!

பதில்: குற்றவாளி பெரும்பாலும் ஆர்8-ம் (ரிலீஸ் நிரலைச் சுருக்கும் கருவி) ஜிசானும் (ஜேசான் என்ற வடிவில் வரும் தரவைப் பொருளாக்கும் நூலகம்) சேர்ந்த கூட்டு. ஆர்8 வகுப்புகள், புலங்களின் பெயர்களை ஏ, பி என்று சுருக்கும். நிரலில் நேரடியாக அழைக்கப்படாதவற்றை நீக்கும். ஜிசானோ இயங்கும்போது ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே வகுப்பின் அமைப்பைத் துழாவுவது) வழியாகப் புலப் பெயரைப் பார்த்து ஜேசானோடு பொருத்தும். பெயர் மாறியதால் பொருந்தாது. புலம் நல் ஆகவே இருக்கும். ஜிசான் கன்ஸ்ட்ரக்டரைத் தாண்டிக்கொண்டும் பொருளை உருவாக்கும் என்பதால் காட்லினின் நல் சோதனையும் நடக்காது. வெடிப்பு எங்கோ தொலைவில், அந்தப் புலத்தைத் தொடும் இடத்தில் நிகழும்.

காரணத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி: ஆர்8-ன் ரூல்ஸ் கோப்பில் முதலில் 'டோன்ட்ஆப்ஃபஸ்கேட்' மட்டும் சேருங்கள். பிழை போனால் பெயர் மாற்றம்தான் சிக்கல். போகாவிட்டால் 'டோன்ட்ஷ்ரிங்க்', அதில் போனால், தேவையான ஏதோ நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் 'டோன்ட்ஆப்டிமைஸ்'. கண்டுபிடித்ததும் மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு, காட்லின் சீரியலைசேஷனுக்கு மாறுவது. அது கம்பைல் செய்யும்போதே நிரலை உருவாக்கிவிடும். ரிஃப்ளெக்ஷன் வேண்டாம், வராத கட்டாயப் புலத்துக்கு அங்கேயே தெளிவான பிழையும் தரும். ஜிசானை விட முடியாதென்றால் ஒவ்வொரு புலத்துக்கும் சீரியலைஸ்டுநேம் போட்டு, அதற்கான கீப் ரூல் (இதைத் தொடாதே என்று ஆர்8-க்குச் சொல்லும் விதி) எழுதுங்கள். செயலியைக் கட்டும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.0 முதல் ஆர்8-ன் ஃபுல் மோட் (இன்னும் கடுமையாகச் சுருக்கும் நிலை) இயல்பாகவே இயங்குகிறது. முன்பு தப்பித்த நிரல் இப்போது மாட்டுவது அதனால்தான். உங்கள் பேக்கேஜ் முழுவதையும் கீப் செய்யும் ஒற்றை வரியை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். பிழை மறையும், ஆர்8-ஆல் உங்கள் நிரலுக்குக் கிடைக்கும் பயனும் சேர்ந்து மறையும்.

சுருக்கிய பெயருக்கு அசல் பெயர் எது என்று சொல்லும் மேப்பிங் கோப்பை ஒவ்வொரு ரிலீஸுக்கும் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாமல் கிராஷ் அறிக்கையில் ஏ.பி.சி என்றுதான் வரும். ரிலீஸின் எல்லா அமைப்புகளும் கொண்டு, டீபக் சாவியால் கையொப்பமிட்ட மூன்றாவது பில்டு வகை ஒன்றை உருவாக்கி, அன்றாடச் சோதனையை அதில் நடத்துவது எங்கள் உறுதியான பரிந்துரை.

கேள்வி: கம்போஸில் படங்களோடு ஒரு பட்டியல். உருட்டினால் திக்கித் திக்கி நகர்கிறது. பழைய ரீசைக்ளர்வியூவுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் எந்த பில்டில் பார்த்தீர்கள்? டீபக் பில்டில் கம்போஸ் எப்போதும் மெதுவாகவே இருக்கும். ஆர்8 இயங்கும் ரிலீஸ் பில்டில், பேஸ்லைன் புரொஃபைலும் (முன்கூட்டியே கம்பைல் செய்ய வேண்டிய நிரலின் பட்டியல்) சேர்த்துப் பாருங்கள். புரொஃபைல் இல்லாவிட்டால், நிறுவிய பின் முதல் சில முறை நிரல் முன்கூட்டியே கம்பைல் ஆகாமல் ஓடும். பயனரின் முதல் அனுபவமே திக்கலாகிவிடும்.

அப்படியும் திக்கினால் படத்தைப் பாருங்கள். 4000 × 3000 பிக்சல் படம் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் 48 எம்பி பிடிக்கும். கோப்பின் அளவு 3 எம்பிதான் என்பது இங்கே பொருட்டில்லை. 300 × 300 பிக்சல் கட்டத்துக்கு வேண்டியது 0.36 எம்பி. படங்களை ஏற்றும் காயில் நூலகத்தின் அசிங்க்இமேஜ் கட்டத்தின் அளவை அறிந்து சுருக்கியே படிக்கும். ரிமெம்பர்அசிங்க்இமேஜ்பெயிண்டர் அப்படி அறியாது. நீங்கள் அளவு சொல்லாவிட்டால் முழுப் படத்தையும் இழுக்கும். திக்கும் பட்டியல்களில் நாங்கள் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

அடுத்தது கீ, அதாவது ஒவ்வொரு வரிக்கும் தரும் அடையாளம். கம்போஸின் பட்டியலான லேசிகாலத்தில் கீ கொடுக்காவிட்டால் வரிசை எண்ணே கீ. மேலே ஒன்று சேர்ந்தால் கீழே உள்ள அத்தனையும் மாறியதாகக் கணக்காகும். ஒரு வரியில் விரித்து வைத்தது பக்கத்து வரிக்குத் தாவும். தரவின் அடையாள எண்ணைக் கீயாகக் கொடுங்கள். வரிகள் பல வகை என்றால் கன்டென்ட்டைப்பும் கொடுங்கள்.

பிறகு, உருட்டும் நிலையை எங்கே படிக்கிறீர்கள் என்று பாருங்கள். 'மேலே போ' பட்டனைக் காட்ட, முதலில் தெரியும் வரியின் எண்ணைத் திரை நிரலில் நேரடியாகப் படித்தால், அது மாறும்போதெல்லாம் திரை மறுபடி கட்டப்படும். டிரைவ்டுஸ்டேட்ஆஃபுக்குள் வைத்தால் ஆம்–இல்லை மாறும்போது மட்டும் நடக்கும். தேதியை வடிவமைப்பது, வரிசைப்படுத்துவது எல்லாம் வியூமாடலில் முடிந்து வரட்டும். காட்லின் 2.0.20 முதல் ஸ்ட்ராங் ஸ்கிப்பிங் (உள்ளீடு மாறாத திரைப் பகுதியை மறுபடி கட்டாமல் தாண்டுவது) இயல்பாக உண்டு. ஆனால் சாதாரண லிஸ்டை அது 'அதே பொருளா' என்றுதான் ஒப்பிடும், உள்ளடக்கத்தை ஒப்பிடாது. ஒவ்வொரு முறையும் புது லிஸ்ட் உருவாக்கிக் கொடுத்தால் ஸ்கிப் ஆகாது.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிவிநாடி, 120-ல் 8.3. கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் வேகம் அளக்கும் மேக்ரோபெஞ்ச்மார்க்கில் ஃப்ரேம்டைமிங் எடுங்கள். சராசரியை விடுங்கள், 99-ஆம் விழுக்காட்டு எண்ணில்தான் (நூற்றில் 99 ஃப்ரேம்கள் முடிந்துவிடும் நேரம்) திக்கல் தெரியும்.

கேள்வி: பெயருக்கு அதிகபட்ச எழுத்து எண்ணிக்கை வைத்தோம். தமிழ்ப் பெயர்களில் கடைசிப் புள்ளியோ கொம்போ வெட்டுப்படுகிறது.

பதில்: காட்லினின் லெங்த் எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை. 'தமிழ்' என்பது அதற்கு 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. முதல் 4 போதும் என்று வெட்டினால் 'தமிழ' ஆகும். ஐஓஎஸ் மொழியான ஸ்விஃப்டின் கவுண்ட் அதையே 3 என்று, நாம் எண்ணுவது போலவே எண்ணும். எனவே ஒரே விதிக்கு இரு தளங்களிலும் இரு விடை வரும். ஆண்ட்ராய்டில் பிரேக்இட்டரேட்டரின் கேரக்டர் வகையைக் கொண்டு எண்ணுங்கள், வெட்டுங்கள். சர்வர் தரவுத்தளத்தின் வரம்பு பைட்டில் என்றால் அது தனிக் கணக்கு: யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், 'தமிழ்' 15 பைட்.

அகரவரிசையிலும் இதே கவனம் வேண்டும். யூனிகோட் எண்படி அடுக்கினால் ன, ந-வுக்கு அடுத்தும், ற, ர-வுக்கு அடுத்தும் வந்துவிடும். தமிழ் லொக்கேலோடு கொலேட்டர் (மொழியின் முறைப்படி வரிசைப்படுத்தும் கருவி) பயன்படுத்துங்கள், ஸ்விஃப்டில் லோக்கலைஸ்டுஸ்டாண்டர்டுகம்பேர். எழுத்துப் பெட்டிகளுக்கு நிலையான உயரம் வைக்காதீர்கள். மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படும், பயனர் எழுத்தளவைப் பெருக்கினால் நிச்சயம் வெட்டுப்படும்.

கேள்வி: ஸ்விஃப்ட்யூஐ (ஐஓஎஸில் திரை கட்டும் கருவி) செயலியில் ஒரு திரையைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடினால் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது.

பதில்: அந்தத் திரையின் மாடல் வகுப்பில் டீஇனிட் (பொருள் அழியும்போது ஓடும் நிரல்) எழுதி ஒரு வரி அச்சிடுங்கள். மூடியபின் அந்த வரி வரவில்லையென்றால் யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். எக்ஸ்கோடின் மெமரி கிராஃப் டீபக்கர் யார் என்று காட்டும். வழக்கமான இடங்கள் மூன்று: செல்ஃபை (அந்தப் பொருளையே) பிடித்திருக்கும் குளோஷரை (பிறகு ஓடும் நிரல் துண்டு) செல்ஃபே சேமித்துவைத்திருப்பது; நிறுத்தப்படாத டைமர்; மாடலுக்குள் தொடங்கிய டாஸ்கில் முடிவில்லாமல் ஓடும் ஃபார் அவெய்ட். மூன்றாவதில் வீக் செல்ஃப் (பொருளைப் பிடித்துவைக்காத இணைப்பு) போட்டும், சுற்றுக்கு முன்பே கார்ட் லெட் மூலம் அதைப் பலமாக்கிக்கொண்டால் பயனில்லை. ஒவ்வொரு சுற்றின் உள்ளே செய்ய வேண்டும். இன்னும் எளிது, அந்தச் சுற்றைத் திரையின் டாஸ்க் மாடிஃபையருக்குக் கொண்டுவருவது. திரை போனதும் அது தானே ரத்தாகும்.

ஐஓஎஸ் 17-ன் அப்சர்வபிள் மாடலை ஸ்டேட்டில் வைத்திருந்தால் ஒன்று கவனியுங்கள்: மேலேயுள்ள திரை மறுபடி கட்டப்படும்போதெல்லாம் மாடலின் இனிட் (பொருளை உருவாக்கும் நிரல்) ஓடும், முதலாவது மட்டும் நிலைக்கும், மற்றவை வீசப்படும். இனிட்டில் நெட்வொர்க் அழைப்பைத் தொடங்கியிருந்தால் அது ஓயாமல் போகும்.

கேள்வி: செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் திறந்தவுடன் கிராஷ். டோக்கனை மறையாக்கம் செய்து சேமிக்கிறோம்.

பதில்: ஆண்ட்ராய்டின் ஆட்டோ பேக்கப் மறையாக்கப்பட்ட கோப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது, அதைத் திறக்கும் சாவி ஃபோனின் சாவிப் பெட்டகமான கீஸ்டோரில் இருந்தது, அது செயலியோடு அழிந்துவிட்டது. அந்தக் கோப்பைப் பேக்கப் விதிகளில் விலக்குங்கள். ஆண்ட்ராய்டு 12-க்கு முன்னும் பின்னும் விதிக் கோப்பு வேறு, இரண்டிலும் எழுதுங்கள். திறக்க முடியாவிட்டால் கோப்பை அழித்துவிட்டு உள்நுழைவுத் திரைக்குப் போகும் வழியும் இருக்கட்டும். ஐஓஎஸில் இது தலைகீழ்: செயலியை நீக்கினாலும் கீசெயினில் டோக்கன் நிற்கும். முதல் ஓட்டம் என்பதை யூசர்டிஃபால்ட்ஸ் குறியால் அறிந்து, பழையதைத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: வெளிச் சேவைகளை அழைக்கத் தேவையான ஏபிஐ சாவியைச் செயலிக்குள் எங்கே ஒளிப்பது?

பதில்: எங்கேயும் முடியாது. செயலிக்குள் போன எதையும் பிரித்து எடுத்துவிடலாம். பணம் செலவாகும் சாவி உங்கள் சர்வரில் இருக்கட்டும். செயலி சர்வரிடம் கேட்கட்டும். வரைபடம் போன்ற, செயலியில் இருந்தே தீர வேண்டிய சாவிகளுக்குப் பேக்கேஜ் பெயர், கையொப்பக் கட்டுப்பாடு போடுங்கள்.

கேள்வி: சி++ ஒரு வரிகூட எழுதவில்லை. '16 கேபி' என்று கூகுளின் செயலிக் கடையான பிளேயின் கன்சோல் எச்சரிக்கிறதே?

பதில்: நீங்கள் எழுதாவிட்டாலும் நூலகங்கள் கொண்டுவந்திருக்கும். ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலோ இலக்காகக் கொண்ட புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் 64 பிட் ஃபோன்களில் 16 கேபி நினைவகப் பக்கத்தை (நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு) ஆதரிக்க வேண்டும் என்பது 2025 நவம்பர் 1 முதல் பிளேயின் விதி. ஏபிகே அனலைசரில் லிப் கோப்புறையைத் திறந்தால் எந்த எஸ்ஓ (சி++ போன்றவற்றில் கட்டிய நூலக) கோப்பு பொருந்தவில்லை என்று தெரியும். அது எந்த நூலகத்தினுடையது என்று பார்த்துப் பதிப்பை ஏற்றுங்கள். சொந்த சி++ இருந்தால் அதைக் கட்டும் கருவியான என்டிகேயின் ஆர்28 இயல்பாகவே சரியாகக் கட்டும். கிரேடில் பிளகின் 8.5.1-க்குக் குறையாமல் இருக்கட்டும். பின்பு 16 கேபி எமுலேட்டரில் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். நூலகம் கைவிடப்பட்டது என்றால் மாற்று தேடுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: காட்லின், ஸ்விஃப்ட், காட்லின் மல்டிபிளாட்ஃபார்ம்… எதில் தொடங்குவது?

பதில்: கையில் எந்த ஃபோன் இருக்கிறதோ அதில். ஐஓஎஸ் என்றால் எக்ஸ்கோட் ஓடும் மேக் கட்டாயம். ஆண்ட்ராய்டில் காட்லினும் கம்போஸும். ஜாவாவும் எக்ஸ்எம்எல் திரைகளும் பழைய நிரலைப் பராமரிக்க நேர்ந்தால் கற்றுக்கொள்ளலாம். ஐஓஎஸில் ஸ்விஃப்டும் ஸ்விஃப்ட்யூஐயும். இரு தளங்களும் ஒரே நிரலைப் பகிரவைக்கும் காட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலைபெற்றது. தரவு, நெட்வொர்க் நிரலைப் பகிர்வதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு தளத்தையாவது ஆழமாக அறிந்தபின் அதற்கு வாருங்கள். மேலே சொன்ன புராசஸ் சாவும் பின்னணிக் கட்டுப்பாடும் பகிர்ந்த நிரலிலும் இருக்கும். அங்கே கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

கேள்வி: புதுப்பிப்பு வெளியிட்ட பிறகு பெரிய பிழை தெரிந்தது. பழைய பதிப்புக்குத் திருப்ப முடியவில்லை. இனி எப்படி வெளியிடுவது?

பதில்: நிறுவியவர்களின் ஃபோனில் பதிப்பைக் கீழே இறக்க இரு கடைகளிலும் வழியில்லை. பழைய நிரலையே கூடுதல் வெர்ஷன்கோடோடு (பதிப்பு எண்) மறுபடி கட்டி அனுப்பலாம். ஆனால் புதிய பதிப்பு தரவுத்தள ஸ்கீமாவை (அட்டவணைகளின் அமைப்பு) மாற்றியிருந்தால் பழைய நிரல் அதைத் திறக்கையில் விழும். அதனால்தான் ஸ்கீமா மாற்றத்தையும் அதைப் பயன்படுத்தும் புது வசதியையும் ஒரே வெளியீட்டில் போடாதீர்கள் என்கிறோம். ரூமின் ஸ்கீமா கோப்புகளைக் கிட்டில் சேர்த்து, மைக்ரேஷன்டெஸ்ட்ஹெல்ப்பரால் ஒவ்வொரு பழைய பதிப்பிலிருந்தும் புதியதற்குப் போகும் சோதனையைச் சிஐயில் (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை அமைப்பு) ஓட்டுங்கள். டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன் என்ற வரி ரிலீஸில் இருக்கவே கூடாது. மைக்ரேஷன் (பழைய தரவைப் புதிய ஸ்கீமாவுக்கு மாற்றும் நிரல்) விடுபட்டால் அது பயனரின் தரவைச் சத்தமின்றி அழித்துவிடும்.

பிளேயில் விழுக்காட்டை நீங்களே தீர்மானிக்கலாம்: 1, 5, 20, 50 என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நாளாவது நில்லுங்கள். பயனர் உணரும் கிராஷ் 1.09 விழுக்காட்டையும் ஏஎன்ஆர் (செயலி பதிலளிக்காமல் உறைவது) 0.47 விழுக்காட்டையும் தாண்டினால் பிளே உங்கள் செயலியைப் பின்னுக்குத் தள்ளலாம். உங்கள் நிறுத்தக் கோடு அதைவிட வெகு கீழே இருக்கட்டும். ஆப்பிளின் படிநிலை வெளியீடு 7 நாள்: 1, 2, 5, 10, 20, 50, 100. மொத்தம் 30 நாள்வரை நிறுத்திவைக்கலாம். ஆனால் கடைக்குப் போய்த் தானே புதுப்பிப்பவருக்கு அந்த இடைநாளிலும் புதிய பதிப்புதான் கிடைக்கும்.

புது வசதிகளைச் சர்வரிலிருந்து அணைக்கக்கூடிய சுவிட்சுக்குப் பின்னால் வையுங்கள். அதன் இயல்பு நிலை 'அணை'. சர்வர் பதில் தராவிட்டாலும் செயலி ஓட வேண்டும். 'இந்தப் பதிப்புக்குக் கீழே இருப்பவர்கள் புதுப்பிக்க வேண்டும்' என்று சொல்லும் சோதனையை முதல் வெளியீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பிழை வந்தபின் சேர்த்தால், அது தேவைப்படும் பழைய பதிப்புகளில் அந்தச் சோதனை இருக்காது.